மூச்சுக்காக எழும் ஆவுளியா

மணமேல்குடியில் பெரிய அலையை எதிர்பார்த்துக் கடற்கரைக்குப் போனால் ஏமாற்றம்தான். அந்த ஊரை ஒட்டிய பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் தரைவரை இறங்குவதால் அடியில் கடற்புல் செழிக்கிறது. அதை மேய்ந்து வாழ்கிறது கடற்பசு. மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள்.

யானைக்குத் தூரத்து உறவான இந்தப் பாலூட்டிக்குச் செவுள் கிடையாது. மேய்ச்சல் கடலடியில், காற்றோ கடலுக்கு மேலே. அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே எழுந்தாக வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலம் ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கும். ஆவுளியாவால் அது ஆகாது.

வியப்பு என்னவென்றால், அதன் உடம்பு அடியில் கிடப்பதற்கென்றே அமைந்தது. எலும்புகள் கெட்டியானவை, கனமானவை. முத்துக்குளித்தவர்கள் பயன்படுத்திய கல்லைப் போல அந்தக் கனம் அதைப் புல்லோடு நிறுத்துகிறது. நம் நுரையீரல் மார்புக்குள் அடங்கிவிடும். ஆவுளியாவுக்கு முதுகை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிறது. உள்ளிருக்கும் காற்று முன்னும் பின்னும் பரவி நிற்பதால் தலையோ வாலோ தூக்கிக்கொள்ளாமல் உடல் சமமாக மிதக்கிறது. வாலை வீசி மேலே வந்ததும் மூக்கு நுனி மட்டும் நீருக்கு வெளியே தெரியும். மூச்சை விட்டு, இழுத்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு உடனே இறங்கிவிடும். கரையில் நிற்பவர் கண்ணில் படுவது அரிது.

இந்த எழுச்சி தடைபட்டால் மரணம்தான். வலையில் சிக்கிய ஆவுளியா காயமே இல்லாமல் மூச்சுத் திணறிச் சாகிறது. பெண் ஆவுளியா ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். இந்தியக் கடல்களில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். ஒன்று போனாலும் ஈடுகட்டுவது எளிதல்ல.

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதன் எல்லை மணமேல்குடிக்குப் பக்கத்து அம்மாபட்டினம்வரை வருகிறது. அறிவிப்பு நல்லது, ஆனால் நடுக்கடலில் ஆவுளியாவின் உயிர் மீனவர் கையில்தான் இருக்கிறது. வலையை அறுத்து அதை விடுவித்த மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களுக்குப் பரிசும் கொடுத்திருக்கிறது. அறுபட்ட வலைக்குத் தாமதமில்லாமல் முழு ஈடும் கிடைக்க வேண்டும்.

கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வலையில் ஆவுளியா சிக்கியிருந்தால், முதலில் அதன் மூக்கை நீருக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். வலையை அறுப்பது அதற்குப் பிறகு.