காரை மண்ணும் மத்தி மீனும்



பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தில், மழை அரித்த களிமண்ணில் சுருண்ட கிளிஞ்சல்களும் சுறாவின் பற்களும் கிடைப்பதை அப்பகுதியினர் நன்கு அறிவர். சாத்தனூரிலோ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதைக் கண்டறிந்தார். ஆற்று வெள்ளம் கடலுக்குள் அடித்துச் சென்று புதைத்த மரம் அது.

ஆம், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரம் கடலடியில் இருந்தது. ஆழ்கடல் அல்ல, கரையோரத்தில் மெல்லச் சரிந்து இறங்கும் ஆழம் குறைந்த தளம். இதைக் கண்டத்திட்டு என்பர். அன்றைய உலகம் இன்றைவிட மிகவும் வெப்பமானது. ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைகள் உமிழ்ந்த கரியமில வாயுவால் வெப்பம் மேலும் ஏற, உலகக் கடல்களின் பல பகுதிகளில் ஆழநீரில் உயிர்வளி தீர்ந்துபோனது. பல உயிரினங்கள் அழிந்தன. காரைக் களிமண் படிந்த காலமும் அதுவே.

வெப்பம் கடலை என்ன செய்கிறது? சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். அதோடு, சூடான மேல்நீர் இலேசாகி, குளிர்ந்த அடிநீரோடு கலக்காமல் மூடிபோல் மிதக்கும். கடலின் உரமோ அடியில்தான் இருக்கிறது. மடிந்த உயிர்கள் மூழ்கி மட்கி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆகின்றன. வெயில் மேலே, உரம் கீழே! நம் மக்காச்சோளக் கொல்லையில் வேர் எட்டாத ஆழத்தில் உரம் போட்டால் என்னவாகும்? அதே கதைதான். கடலின் பயிர், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி.

கேரளக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று மேல்நீரை அப்பால் தள்ள, உரமுள்ள குளிர்நீர் கண்டத்திட்டின்மேல் ஏறி வருகிறது. மத்தி பெருகுவது இதனால்தான். மேல்நீர் சூடேறும்போது இந்த ஏற்றம் தடைபடுகிறது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் மிதவைப் பாசி 20 சதவீதம் வரை குறைந்ததாகப் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் 2016-ல் அறிவித்தனர். நம் வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் ஏற்கெனவே ஒரு மூடி. வெப்பம் அதை இன்னும் இறுக்குகிறது.

கேரளத்தில் 2012-ல் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் வெறும் 3,297 டன்! பிறகு மீண்டும் பெருகியது. எல்லாப் பழியையும் புவி வெப்பத்தின்மேல் போடுவது சரியல்ல. எல் நினோவும், குஞ்சு மீன்களை வாரியதும் காரணங்களே. ஆனால் தவக்காலத்தில் ஏழை வீட்டு அடுப்பில் வேகும் மீன் இது என்பதால், நமக்கும் இதில் அக்கறை உண்டு.

இன்னொன்றும் உண்டு. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக உள்ளன. கடலில் கரைந்திருந்த கரியைப் பூட்டி வைத்த ஓடுகள் அவை. ஒரு டன் சுண்ணாம்பு சூளையில் வெந்தால் சுமார் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகின்றன. அவற்றை மூடச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட் கடைகளில் கிடைக்கிறது. அதற்குச் சூளையில் வேக வேண்டிய சுண்ணாம்பு குறைவு. வீடு கட்டுவோர் மேஸ்திரியிடம் கேட்டுப் பார்க்கலாம்.