புதிய டொமைன் பெயரும் வணிக மின்னஞ்சலும்

புதிதாகக் கடை திறக்கும் வணிகர் வாயிலில் பெயர்ப்பலகை மாட்டுவதைப் போலவே, இக்காலத்தில் இணையத்தில் தமக்கென ஒரு டொமைன் பெயரையும் பதிவு செய்துகொள்ளுகிறார். ஜெய்ப்பூரில் அச்சுத்துணி விற்பவராயினும், சூரத்தில் சேலை வியாபாரம் செய்பவராயினும், அப்பெயரைத் தாங்கிய மின்னஞ்சல்களின் வாயிலாகத் தம் சரக்கை வாடிக்கைக்காரர்களுக்கு அறிவிக்க விரும்புவது இயல்பே. ஆனால், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாக 4,000 பேருக்கு ஒரே நாளில் அனுப்பப்பட்ட அறிவிப்பு, பெரும்பாலோரின் ஸ்பேம் பெட்டியில் விழுந்து எவர் கண்ணிலும் படாமற் கிடப்பதுண்டு. அதனினும் வருந்தத்தக்கது ஒன்று உளது. அன்று முதல் அவர் அனுப்பும் பில்லும், பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுங்கூட அப்பெட்டியையே நாடத் தொடங்கிவிடுகின்றன. இது ஏன் நேருகிறது, இதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வேண்டாத விளம்பரக் கடிதம் என்பது மின்னஞ்சலோடு ஒட்டிப் பிறந்ததென்றே கூறலாம். 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் விற்பனையாளரான கேரி தூர்க் என்பவர், அந்நாளைய அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குத் தம் கம்பெனிக் கணிப்பொறிகளைப் பற்றிய அறிவிப்பு ஒன்றை அனுப்பிவைத்தார். கண்டனம் எழுந்தது, ஆனாலும் வழி திறந்துவிட்டது. பின்னர் 1982-இல் மின்னஞ்சலைக் கொண்டு செல்வதற்கென வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையில், அனுப்புவோர் தம் பெயரென எதனை எழுதினாலும் அதைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர் சிலரே புழங்கிய வலையில் அதற்குத் தேவை எழவில்லை. இன்று நாம் படும் தொல்லைகளிற் பல அந்த ஒரு குறையிலிருந்தே கிளைத்தவை.

அக்குறையை ஈடுசெய்யப் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகள் தோன்றின. டொமைன் பெயருக்குரிய டி.என்.எஸ். பதிவேட்டில் இவை எழுதப்படுகின்றன. முதலாவதான எஸ்.பி.எஃப்., இப்பெயரால் கடிதம் அனுப்ப உரிமை பெற்ற கணிப்பொறிகள் இவையிவை என்று அறிவிக்கும் பட்டியலாகும். இரண்டாவதான டி.கே.ஐ.எம்., ஒவ்வொரு கடிதத்தின் மீதும் இடப்படும் மறைமுத்திரை. முத்திரையிடும் சாவி அனுப்புவோரிடம் இரகசியமாக இருக்கும். அதனைச் சரிபார்க்கும் சாவியோ யாவரும் காணுமாறு பதிவேட்டில் வைக்கப்படும். மூன்றாவதான டிமார்க், கடிதத்தில் வாசகர் காணும் பெயரும் சோதனையில் தேறிய பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் செய்து, ஒவ்வாத கடிதத்தை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்பதையும் பெயருக்குரியவரே கூற இடமளிக்கிறது.

இங்கே ஒரு சிறு தவறு பலருக்கு நேருகிறது. அலுவலகக் கடிதங்களுக்கு ஒரு சேவையும், விளம்பரத்துக்கு வேறொரு சேவையும் வைத்திருப்போர், இரண்டாவது சேவை கொடுத்த எஸ்.பி.எஃப். வரியையும் தனிப் பதிவாக அப்படியே சேர்த்துவிடுகின்றனர். ஒரு பெயருக்கு எஸ்.பி.எஃப். பதிவு ஒன்றே இருத்தல் வேண்டும் என்பது விதி. இரண்டிருப்பின் இரண்டும் பயனற்றுப் போகும். இரண்டையும் ஒரே வரியில் இணைத்து எழுதுவதே முறை.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் இவ்வேற்பாடுகளைப் பெருமளவில் அனுப்புவோருக்குக் கட்டாயமாக்கின. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 கடிதங்களோ அதற்கு மேலோ அனுப்புவோர் மூன்றையும் செய்திருத்தல் வேண்டும். விளம்பரக் கடிதத்திலிருந்து வாசகர் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழியும் இருத்தல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2025 மே மாதத்தில் மூன்று ஏற்பாடுகளையும் தன் அவுட்லுக் சேவைக்கு அனுப்பும் பெரும் அனுப்புநர்களிடம் கேட்கத் தொடங்கியது. குறைவாக அனுப்புவோரும் இவற்றை முதல் நாளே செய்துவிடுவது நன்று. ஒரு பிற்பகல் வேலைதான்.

ஆயினும், இவை மூன்றும் நாம் இன்னார் என்பதை மெய்ப்பிக்குமேயன்றி, நாம் நல்லவர் என்பதை மெய்ப்பிக்கமாட்டா. மோசடிக்காரரும் ஒரு பெயரை வாங்கி இம்மூன்றையும் ஒழுங்காகச் செய்துகொள்ளக் கூடுமன்றோ? அவர்கள் நாளுக்கொரு பெயர் வாங்கி, ஓரிரு நாளில் இலட்சக்கணக்கில் அனுப்பிவிட்டு, அப்பெயரைக் கைவிட்டு அகல்வது வழக்கம். ஆதலின், நேற்றுப் பிறந்த பெயரிலிருந்து திடீரெனப் பெருந்தொகையாகக் கடிதம் வருமாயின், பெறும் நிலையங்கள் ஐயுறுவதைக் குறை கூறுவதற்கில்லை. ஸ்பேம்ஹாஸ் என்னும் கண்காணிப்பு அமைப்பு, புதிதாகத் தென்படும் பெயர்களை முதல் 24 மணி நேரத்துக்குத் தனிப் பட்டியலிலேயே வைத்துவிடுகிறது.

நற்பெயரை வாசகரே தரவேண்டும். கடிதத்தைத் திறந்து படிப்பதும், பதில் எழுதுவதும், ஸ்பேம் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைப்பதும் நமக்குச் சாதகமான சாட்சியங்கள். ஸ்பேம் என்று குறியிடுவது பாதகமான சாட்சியம். இக்குறியீடு 0.3 சதவீதத்தை எட்டக் கூடாதென்றும், 0.1 சதவீதத்துக்குக் கீழிருப்பதே நலமென்றும் கூகுள் கூறுகிறது. அதாவது, ஆயிரம் பேரில் மூவர் சலித்துக்கொண்டாலே போதும், நம் பெயர் கெடத் தொடங்கும்! இவ்விகிதத்தைப் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்னும் இலவச ஏற்பாட்டில் காணலாம். ஆயினும் சிறு அளவில் அனுப்புவோருக்கு அதில் விவரம் தோன்றாமலிருப்பதும் உண்டு.

இக்கணக்கை மனத்திற் கொண்டால், முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குவது எத்துணைப் பேதைமை என்பது விளங்கும். விலைக்கு வரும் பட்டியலில் நம்மைக் கேள்வியுற்றிராத மனிதர்கள் இருப்பர். செத்துப்போன முகவரிகள் இருக்கும். எவருக்கும் உரிமையில்லாமல், திருட்டுப் பட்டியல்களைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட பொறி முகவரிகளும் கலந்திருக்கும். தாமே கேட்டுப் பெயர் கொடுத்தவர்க்கு மட்டுமே எழுதுவதும், அவர்க்கு முதலில் ஓர் உறுதிக் கடிதம் அனுப்பி, அதற்கு இசைந்த பின்னரே பட்டியலிற் சேர்ப்பதும் பாதுகாப்பானவை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இசைவைத் திரும்பப் பெறுவது அதனை அளிப்பதைப் போலவே எளிதாயிருத்தல் வேண்டுமென வகுத்துள்ளது.

பட்டியல் தூயதாயின் பிறகு வேண்டுவது பொறுமை. நம் 4,000 பேர் கொண்ட வணிகர் தீபாவளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே தொடங்கட்டும். அண்மையில் சரக்கு வாங்கிய ஐம்பது பேருக்கு முதலில் எழுதட்டும். சில நாள் கழித்து நூறு பேருக்கு, பின் இருநூறு பேருக்கு எனப் பெருக்கிச் செல்லட்டும். இதற்கெனத் திட்டமான எண் ஏதும் விதிக்கப்படவில்லை. திரும்பி வரும் கடிதங்கள் கூடினால் அவ்விடத்திலேயே நின்று, இல்லாத முகவரிகளை நீக்கிவிட்டு மேலே செல்லவேண்டும். விளம்பரத்துக்கு ஒரு கிளைப்பெயரையும், பில், ரசீது முதலியவற்றுக்கு வேறொரு கிளைப்பெயரையும் பயன்படுத்துவது விவேகம். ஒன்றிற்கு வந்த கேடு மற்றொன்றைத் தாக்குவது பெரும்பாலும் குறையும்.

ஏற்கெனவே பெயர் கெட்டுவிட்டவர் வேறொரு புதுப்பெயரை வாங்கி ஓட நினைக்கின்றனர். அங்கும் அதே ஐயம், அதே தொடக்கம். அவர்தம் வாடிக்கைக்காரர்களுக்கும் அப்பெயர் அறிமுகமில்லாதது. பழைய பெயரிலேயே விளம்பரத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, மூன்று பதிவுகளையும் சரிபார்த்து, கடந்த ஓரிரு மாதங்களில் தம் கடிதத்துக்குப் பதில் எழுதியோ சரக்கு வாங்கியோ உள்ளவர்க்கு மட்டும் மீண்டும் சிறு அளவில் எழுதத் தொடங்கினால், பெரும்பாலும் சில வாரங்களில் நிலைமை சீர்ப்படக் காணலாம்.