தோண்டாமல் விட்ட மண்

எகிப்தின் பெரிய பிரமிடுக்குள் சுமார் 9 மீட்டர் நீள நடைவழி இருப்பதை 2023இல் ஒரு கல்லையும் பெயர்க்காமல் உறுதிப்படுத்தினார்கள். விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களைக் கல் ஓரளவு தடுக்கும், வெற்றிடம் தடுக்காது. அந்த வேறுபாடு காட்டிக்கொடுத்தது. இதைச் சொன்னதும் மாணவர்கள் கேட்பார்கள்: “உடைச்சே பார்க்கலாமே, சார்?”

இதற்கான பதிலை நம் தாமிரபரணிக் கரையிலிருந்தே சொல்லலாம். பல தலைமுறையினரைத் தாழிகளில் புதைத்த ஆதிச்சநல்லூர் இடுகாடு 114 ஏக்கர். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலன்களும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ராயபுரத்திலிருந்து அதிக தூரமில்லை, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். 2004-05இல் 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஆனாலும் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்தான்.

இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். எந்தப் பொருள் எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்பது கலைந்தால் திரும்பாது. ரீயின் காலத்தில் கரிமக் காலக்கணிப்பு இல்லை, மரபணு ஆய்வும் இல்லை. அன்று வெறும் கரித்துண்டு. இன்று அதுவே காலம் சொல்லும்.

வகுப்பில் இரண்டு வாளிகளில் கடற்கரை மணல், கிளிஞ்சல், செம்மண், கரி என ஒரே வரிசையில் அடுக்குங்கள். ஒரு குழு கையால் கிளறட்டும். மற்றொரு குழு கரண்டியால் அடுக்கடுக்காக எடுத்து ஆழத்தைக் குறிக்கட்டும். பிறகு கேளுங்கள்: முதலில் புதைந்தது கிளிஞ்சலா, கரியா? இரண்டாம் வாளியில் ஒரு பாதியை மட்டும் அடுத்த பிரிவு மாணவர்களுக்குத் தொடாமல் வைத்திருங்கள்.