வாக்குகளுக்குப் பின்னால் இருந்த மக்கள்

2016ஆம் ஆண்டு ஜூன் 23, வியாழக்கிழமையன்று, பிரிட்டன் மக்கள் பள்ளிகளிலும், ஆலய மண்டபங்களிலும் அமைக்கப்பட்டிருந்த வாக்குச்சாவடிகளுக்குச் சென்றனர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட சீட்டில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் தொடர்ந்து உறுப்பினராக இருக்க வேண்டுமா, அல்லது வெளியேற வேண்டுமா? மறுநாள் காலையில் முடிவு தெரிந்தது. வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம் பேர். தொடர வேண்டும் என்றவர்கள் 48.1 விழுக்காட்டினர், அதாவது 1 கோடியே 61 இலட்சம் பேர்.

செய்தித்தாள்களில் நாம் பெரும்பாலும் படித்தது இந்த எண்களைத்தான். ஆனால், ஒவ்வொரு வாக்கின் பின்னும் ஒரு காரணம் இருந்தது. அக்காரணங்களைத் தெரிந்துகொள்வது, கருத்து வேறுபாடுகளோடு சேர்ந்து வாழ வேண்டிய நமக்கும் பயன் தரும்.

முதலில், இந்த ஒன்றியம் எப்படிப் பிறந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். இரண்டு உலகப் போர்களில் ஐரோப்பா சிதைந்துபோன பின், 1950ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது அமைப்பின்கீழ் கொண்டுவர வேண்டும்; போர்க்கருவிகளுக்குத் தேவையான மூலப்பொருளே பொதுவாகிவிட்டால், ஒருவரோடு ஒருவர் போரிட முடியாது என்பது அவர் எண்ணம். ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை கொண்டிருந்த இவரை, 2021ஆம் ஆண்டு திருஅவை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. ஆறு நாடுகளோடு தொடங்கிய இம்முயற்சியில், பிரிட்டன் 1973ஆம் ஆண்டில்தான் இணைந்தது. 1975இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், பிரிட்டன் மக்களுள் 67 விழுக்காட்டினர் தொடர்ந்து இருப்போம் என்றனர். அப்படியானால், நாற்பது ஆண்டுகளில் என்ன மாறியது?

வெளியேற வேண்டும் என்றவர்களின் பக்கத்தைப் பார்ப்போம். பாஸ்டன் என்பது இங்கிலாந்தின் கிழக்கே, காய்கறித் தோட்டங்கள் நிறைந்த ஒரு சிறு நகரம். 2004ஆம் ஆண்டு, போலந்து, லித்துவேனியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. பழைய உறுப்பு நாடுகளில் பல, புதியவர்கள் வேலைக்கு வரச் சில ஆண்டுகள் தடை விதித்தன. பிரிட்டனோ, அயர்லாந்து, சுவீடன் ஆகியவற்றோடு சேர்ந்து உடனே கதவைத் திறந்தது. பாஸ்டன் போன்ற ஊர்களுக்கு வேலைதேடி ஏராளமானோர் வந்தனர். அவர்களுடைய உழைப்பால் தோட்டங்கள் பயனடைந்தன. போலந்து மக்களின் வருகையால் பிரிட்டனின் பல கத்தோலிக்கப் பங்குகளும் உயிர்பெற்றன. ஆனால், வாடகை வீடும், பள்ளியில் இடமும், மருத்துவரைப் பார்க்கும் நேரமும் குறைந்துவிட்டதாக உள்ளூர் மக்கள் வருந்தினர். அங்கு 75.6 விழுக்காட்டினர் வெளியேற வாக்களித்தனர். நாட்டிலேயே மிக உயர்ந்த விழுக்காடு அது.

ஒரு காலத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்றிருந்த கிரிம்ஸ்பி துறைமுகப் பகுதியிலும் பத்தில் ஏழு பேர் வெளியேறவே வாக்களித்தனர். எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதைப் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடும் அமைச்சர்கள் முடிவு செய்வதா என்பது மீனவர்களின் கேள்வி. வாக்களித்துத் திரும்பியவர்களிடம் எடுக்கப்பட்ட ஒரு பெரிய கருத்துக்கணிப்பில், வெளியேற விரும்பியவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேர், நம் நாட்டைப் பற்றிய முடிவுகளை நம் நாட்டிலேயே எடுக்க வேண்டும் என்பதையே முதன்மைக் காரணமாகச் சொன்னார்கள். அவர்களை அந்நியரை வெறுப்பவர்கள் என்று மொத்தமாக ஒதுக்குவது நேர்மையாகாது.

தொடர வேண்டும் என்றவர்களின் கவலைகளும் உண்மையானவையே. இளைஞர்களுள் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் தொடரவே விரும்பியதாகக் கணிப்புகள் காட்டின. 27 நாடுகளில் தடையின்றிப் படிக்கவும், வேலை செய்யவும், குடும்பம் நடத்தவும் கிடைத்திருந்த உரிமையை அவர்கள் இழக்க விரும்பவில்லை. இலண்டன் மாநகரில் 60 விழுக்காட்டினரும், ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் தொடர வேண்டும் என்றனர். ஐரோப்பாவுக்குப் பொருள்களை அனுப்பிவந்த தொழில்களும், வெளிநாட்டுச் செவிலியர்களை நம்பியிருந்த மருத்துவமனைகளும் என்னவாகும் என்று அவர்கள் கேட்டனர்.

வாக்குரிமையே இல்லாதவர்களையும் நாம் மறந்துவிடக் கூடாது. பிரிட்டனில் குடியிருந்த காமன்வெல்த் நாட்டினர், அதாவது இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் குடிமக்களும் இதில் வாக்களிக்கலாம். ஆனால், பத்து ஆண்டுகளாக அங்கே உழைத்து, வரி கட்டி, பிள்ளைகளை வளர்த்த போலந்து நாட்டவர் வாக்களிக்க முடியாது. தங்கள் எதிர்காலத்தை மற்றவர்கள் முடிவு செய்ய, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்னர் வந்த திட்டத்தின்கீழ் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் தங்கியிருக்கும் உரிமையைப் பெற்றனர் என்பது உண்மை. ஆனாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கலக்கம் சிறியதன்று.

பரப்புரையின்போது இரு தரப்பினருமே மிகைப்படுத்தினர். ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று வெளியேற்ற அணியினர் பேருந்தின்மீது எழுதினர். பிரிட்டனுக்குக் கிடைத்த கழிவை அது கணக்கில் கொள்ளவில்லை என்று புள்ளிவிவர ஆணையமே கண்டித்தது. வெளியேற வாக்களித்தாலே உடனடியாகப் பொருளாதாரம் சரியும் என்று அரசுத் தரப்பினர் அச்சுறுத்தினர். அவர்கள் சொன்ன உடனடி வீழ்ச்சியும் வரவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, இரு குழந்தைகளின் தாயான நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ், தம் தொகுதியிலேயே ஒரு தீவிரவாதியால் கொல்லப்பட்டார். நம்மைப் பிரிப்பவற்றைவிட நம்மிடையே பொதுவாக இருப்பவையே மிகுதி என்று தம் முதல் நாடாளுமன்ற உரையில் பேசியவர் அவர்.

வட அயர்லாந்து மக்களுக்கு இது உயிர்ப் பிரச்சனையாகவே இருந்தது. கத்தோலிக்கருக்கும் பிரிந்த சகோதரர்களுக்கும் இடையே, அரசியலும் சமயமும் கலந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்த வன்முறையில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1998ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று கையெழுத்தான உடன்பாடு அமைதியைக் கொணர்ந்தது. அயர்லாந்து எல்லையிலிருந்த இராணுவச் சோதனைச் சாவடிகளும் மறைந்தன. பிரிட்டன் வெளியேறினால் அந்த எல்லை மீண்டும் முளைக்குமோ என்று மக்கள் அஞ்சினர். அங்கே 55.8 விழுக்காட்டினர் தொடர வேண்டும் என்றனர். கடைசியில் நில எல்லை திறந்தே இருந்தது. அதற்கு மாற்றாக, பிரிட்டனிலிருந்து கடல் வழியாக வட அயர்லாந்துக்கு வரும் பொருள்கள் சோதிக்கப்பட்டன. தாங்கள் பிரிட்டனிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டதாக மற்றத் தரப்பினர் வருந்தினர். இந்த மனத்தாங்கலால், 2022 பிப்ரவரி முதல் ஈராண்டுகள் அங்கே கூட்டாட்சி அரசு செயல்பட முடியவில்லை.

பிரிட்டன் 2020ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி இரவு ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. ஒரு நாளில் கேட்கப்பட்ட கேள்விக்கு வடிவம் கொடுக்க மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வெளியேறுவது என்றால் என்ன என்பதில், வெளியேற வாக்களித்தவர்களிடையேகூட ஒத்த கருத்து இருக்கவில்லை. பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த உடன்பாட்டை 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மூன்று முறை நிராகரித்தது. குடியேற்றம் குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் ஏமாற்றமே. ஐரோப்பியரின் வருகை குறைந்தாலும், இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வந்தோரின் எண்ணிக்கை கூடியது. 2023 ஜூன் வரையிலான ஓராண்டில், வெளியேறியோரைக் கழித்தபின்னும் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கூடுதலாகக் குடியேறியிருந்தனர். அண்மை ஆண்டுகளின் கருத்துக்கணிப்புகளில், வெளியேறியது தவறு என்போரே அதிகம்.

முடிவு வெளியான 2016 ஜூன் 24 அன்று, அர்மீனியாவுக்குப் பயணம் மேற்கொண்டிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், இது மக்கள் வெளிப்படுத்திய விருப்பம் என்றும், பிரிட்டன் மக்களின் நன்மைக்கும் ஐரோப்பாவின் ஒருமித்த வாழ்வுக்கும் அனைவரும் பெரும் பொறுப்போடு செயல்பட வேண்டும் என்றும் கூறினார். எந்தத் தரப்பு வென்றது என்று அவர் பேசவில்லை. அடுத்து எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதையே அவர் நினைவூட்டினார்.

வாக்குப்பெட்டி தலைகளை எண்ணுமே தவிர, மனங்களைக் கேட்காது. பாஸ்டன் நகரத் தொழிலாளியின் ஏக்கத்தைப் பல ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. வாக்கெடுப்புக்குப் பின், இலண்டன் நகர இளைஞரின் வருத்தத்தையும், போலந்துத் தாயின் அச்சத்தையும் கேட்க ஆளில்லை. தோற்ற 48 விழுக்காட்டினரும் அதே தெருவில், அதே ஆலயத்தில், பல வேளைகளில் அதே வீட்டில் வாழ்பவர்கள்தாம்.

நம் தேர்தல்களிலும், ஏன், நம் பங்குப் பேரவையிலும் அன்பியங்களிலும்கூட, முடிவுகளைப் பெரும்பான்மையால் எடுக்கவே செய்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், கை தூக்கச் சொல்வதற்கு முன், மாறாக நினைப்பவரிடம் 'ஏன்?' என்று கேட்டுப் பொறுமையாகச் செவிமடுக்கிறோமா? எண்ணி முடித்தபின், தோற்றவர் வீட்டு வாசலை நாம் மிதிக்கிறோமா? நாளை ஞாயிறு திருப்பலியில் அவரும் நம் அருகில் நின்று சமாதான வாழ்த்துச் சொல்ல வேண்டியவர் என்பதை மனத்தில் கொண்டு, இன்றே அவரிடம் பேசத் தொடங்குவோம்.