முடிவில்லாத திரைக்கு ஓர் எல்லை

2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா – இங்கிலாந்து டெஸ்ட் நடந்தபோது, எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் ரசிகர்கள் அஜித் குமார் நடித்த ‘வலிமை’ படத்தின் ‘அப்டேட்’ கேட்டார்கள். பொறுமை காக்கும்படியும் பொது இடங்களில் கண்ணியம் தவறாமல் நடக்கும்படியும் அஜித் குமார் அறிக்கை விட வேண்டியிருந்தது. படம் 2022 பிப்ரவரி 24 அன்றுதான் வெளியானது.

அந்த அவசரம் மைதானத்தில் பிறந்ததல்ல, கைபேசியில் வளர்ந்தது. வார இதழில் சினிமாச் செய்தி படித்த தலைமுறைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதற்குப்பின் அடுத்த வாரம்தான். சமூக ஊடகத்தில் அந்தக் கடைசிப் பக்கம் இல்லை. விரல் தள்ளத் தள்ளப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் அமைப்பை 2006இல் உருவாக்கியவர் ஆசா ராஸ்கின்; பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். 2009இல் ஃபேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் வந்தது; எண்ணிக்கை பார்க்கும் ஆவலும் சேர்ந்தது. அடுத்த பதிவு டீசராக இருக்கலாம், வெறும் வதந்தியாகவும் இருக்கலாம். எது வரும் என்று தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை. இதை மன உறுதிக் குறைவு என்று மட்டும் சொல்லி ரசிகரைக் குற்றவாளியாக்குவது சரியல்ல.

நட்சத்திரத்தின் மீதான பாசமும் இதனுடன் சேர்கிறது. நேரில் பழகாத ஒருவரை நெருங்கியவராக உணரும் இந்த ஒருதலை உறவை டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956லேயே விவரித்தார்கள். அவர்கள் கண்டது வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்படமும்தான். இன்று நடிகரின் காலை உணவும் உடற்பயிற்சியும் உள்ளங்கைக்கே வந்துவிடுகின்றன. அவரை யாரோ திட்டினால், வீட்டு ஆளைத் திட்டியதுபோல் கோபம் வருகிறது. நள்ளிரவு தாண்டியும் நடக்கும் ஹேஷ்டேக் சண்டைகளுக்கு இந்த நெருக்க உணர்வு ஒரு முக்கியக் காரணம்.

மறுபக்கம், நட்சத்திரங்களில் சிலர் விலகி நின்றிருக்கிறார்கள். பாடகர் எட் ஷீரன் 2015 இறுதியில் கைபேசியையே விட்டார். 2022 ஆகஸ்டில் நடிகர் டாம் ஹாலண்ட் மனநலத்துக்காக இன்ஸ்டாகிராமிலிருந்து ஒதுங்கினார். அதே மாதம் இயக்குநர் லோகேஷ் கனகராஜும் அடுத்த பட அறிவிப்பு வரை சமூக ஊடகத்திலிருந்து இடைவெளி எடுப்பதாகச் சொன்னார். நாலரை ஆண்டுகளாக இணையத்தில் இல்லை என்று பாடகி செலினா கோமஸ் அதே ஆண்டில் கூறினார். அவர் பெயரில் பதிவு போடுவதற்கு உதவியாளர்கள் இருந்தார்கள். இந்த வசதி மற்றவர்களுக்குக் கிடையாது. படிப்புக்கும் வேலைக்கும் உறவினர் செய்திக்கும் அதே கைபேசிதான் வேண்டும்.

ஆகவே சாதாரணப் பயனருக்கு முழுத் துறவு தேவையில்லை. காணாமல்போன கடைசிப் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். செயலிகளிலேயே சில வழிகள் உண்டு. இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021இலும், அறிவிப்புகளை அடக்கிவைக்கும் அமைதி முறை 2023இலும் வந்தன. தினசரி நேர நினைவூட்டலும் இருக்கிறது. ஆனால் ஒரு தட்டில் அதைத் தள்ளிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்புவது வீண். இடத்தை வைத்துப் போடும் எல்லை அதைவிட உறுதியானது: சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே, எழுப்புவதற்குத் தனி அலாரக் கடிகாரம், சாப்பாட்டு நேரத்தில் கைபேசி வேறு அறையில். இது பிள்ளைகளுக்கு மட்டுமான சட்டமாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. பெற்றோரின் கைபேசியும் அதே அறைக்குப் போக வேண்டும். சினிமா ரசிகர்களுக்கு இன்னொன்றும் உதவும். தயாரிப்பு நிறுவனத்தின் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ‘அப்டேட்’ என்ற பெயரில் வதந்தி பரப்பும் பக்கங்களை நீக்கிவிடலாம். டீசர் எப்படியும் வந்து சேரும்.

இவ்வளவையும் பயனரே செய்யட்டும் என்று நிறுவனங்கள் ஒதுங்குவது நியாயமல்ல. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அது நிறுவனத்துக்குத்தான், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை.