ரப்பர் கொட்டை எண்ணெய் கியருக்குள் எப்படி வேலை செய்கிறது?

தோசைக்கல்லில் எண்ணெயின் இரண்டு குணத்தையும் பார்த்துவிடலாம். மாவு ஊற்றும் முன் நடுவில் தடவிய எண்ணெய் மெல்லிய படலமாக இரும்பைப் பற்றிக்கொள்கிறது. தோசை ஒட்டாமல் கிளம்புகிறது. விளிம்பிலோ அதே எண்ணெய் காய்ந்து, சுரண்டினாலும் போகாத பழுப்புப் பிசுக்காக இறுகிக் கிடக்கிறது. இயந்திரத்துக்கு அந்த நடு வேண்டும், விளிம்பு ஆகாது.

எண்ணெய் மூலக்கூறின் எஸ்டர் முனை உலோகத்தைப் பற்றும். நீண்ட கொழுப்பமில வால்கள் வெளியே நீட்டி நின்று, உரசும் இரு பரப்புகளையும் விலக்கி வைக்கும். பெட்ரோலிய எண்ணெய்க்கு இந்தப் பிடிப்பு குறைவு. அதனால்தான் அதில் தாவர எண்ணெயைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். பிசுக்கு உண்டாவது வால்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகளால். சூட்டில் ஆக்சிஜன் அவற்றை ஒட்டித்தான் தாக்கும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும்.

தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு. பிசுக்குத் தொல்லை குறைவு. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் நாகர்கோவில் அடுக்களையிலேயே கட்டியாகிவிடும். குலசேகரம், கீரிப்பாறைத் தோட்டங்களில் வெடித்து விழும் ரப்பர் கொட்டையின் எண்ணெய் நேரெதிர். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிறைவுறாத கொழுப்பு. பெயிண்டில் சேர்க்கும் அளவுக்குக் காயும்.

என்றாலும் மாற்றியமைக்க ரப்பர் கொட்டை எண்ணெயே தோது என்பேன். வேதியியல் கைவைப்பதற்கான பிடியே அந்த இரட்டைப் பிணைப்புதான். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஃபார்மிக் அல்லது அசிட்டிக் அமிலமும் சேர்த்து 60 டிகிரி அளவில் கலக்கினால், அங்கே ஓர் ஆக்சிஜன் அணு வளையமாக அமரும். அதுதான் எபாக்சைடு. பிசுக்குக்கான வாசல் அடைபடுகிறது. பிறகு வளையத்தைத் திறந்து ஒரு பக்கக் கிளையைப் பொருத்தினால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்க முடியாது. குளிரிலும் எண்ணெய் ஓடும்.

கியருக்கானால் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகத்தைச் சேர்ப்பார்கள். பற்கள் கடுமையாக அழுந்துமிடத்தில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து சல்ஃபைடுப் படலமாகி, பற்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாமல் காக்கும். ஒருகாலத்தில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலங்களைக் கொன்று எடுத்த எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயைத் தடுத்த பிறகே மாற்று எண்ணெய்களை மும்முரமாகத் தேடினார்கள்.

நம் ஊரில் சிக்கல் மழைதான். கொட்டை விழும் ஆடி, ஆவணியில் சாரலும் இருக்கும். நனைந்த பருப்பிலுள்ள நொதி எண்ணெயை உடைத்துத் தனி அமிலமாக்கிவிடும். அது உலோகத்தை அரிக்கும். ஆகவே விழுந்ததும் பொறுக்கி, தோடு நீக்கி, பருப்பைச் சூடேற்றி உலர்த்திவிட வேண்டும்.