தீவகத்தில் ஒரு புதையல் வேட்டை

புதையல் வேட்டை என்றதும் மாணவர் மண்வெட்டியைத் தேடுவராயின், வேட்டையை அமைத்தவர் தோற்றார் என்றே கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒரு பிடி மண்ணையும் கிளறாது, புதிர்களாலேயே அவர்களை நடத்திச் செல்லலாம்.

ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். "1575இல் பல்கலைக்கழகம் பெற்ற நகரின் பெயரைத் தாங்கிய தீவு எது?" என்பது முதற் புதிராகலாம். விடை லெய்டன், அதாவது வேலணைத் தீவு. அத்தீவின் ஊர்காவற்றுறைக் கரையில் நின்றால் கடல் நடுவே ஒரு கோட்டை தோன்றும். இலங்கையைப் பன்றித்தொடையின் வடிவாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிகால் என்னும் பொருள்பட அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயரிட்டனர்.

சிறந்த புதிர் நயினாதீவிலே உள்ளது. அங்கு நாகபூசணி அம்மன் கோவிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு, 12ஆம் நூற்றாண்டினது. யானை, குதிரைகளோடு வந்த கலம் உடைந்தால் காற்கூறு அரசுக்கு, முக்காற்கூறு உடையவர்க்கு. மற்றைச் சரக்காயின் சரிபாதி என்பது ஆணை. நாற்பது குதிரைகளுடன் உடைந்த கலத்தில் அரசுக்கு எத்தனை? பத்து என்று கணக்கிடும் சிறுவன் வணிகச் சட்டமொன்றையே கற்றுவிடுகிறான். எழுத்துகள் சிதைந்துள்ளமையால், 1963இல் இந்திரபாலா வெளியிட்ட வாசகத்தைக் கையிற் கொடுத்தல் நலம்.

"குதிரைகள் இன்றும் கட்டின்றித் திரியும் தீவு" என்றால் அடுத்த இடம் நெடுந்தீவு. அங்குள்ள பவளக்கல் வேலிகளின் இடுக்கில் குறிப்புச் சீட்டைச் செருகுதல் கூடாது. அவசரக் கைகள் கல்லையே பிடுங்கிவிடும். சீட்டு ஆசிரியரிடமே இருக்கட்டும். குறிகாட்டுவானுக்குத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முதலில் விசாரித்து, அதன் பின்னரே புதிர்களின் எண்ணிக்கையை முடிவு செய்தல் வேண்டும்.